நாற்பது பொம்மைக்கும் லட்சம் பொம்மைக்கும் ஒரே சோதனை: குழந்தைப் பொருள் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுத் தயாரிப்பாளரும்

வீட்டில் இருந்தபடி குழந்தைகளுக்குப் பொம்மையோ உடுப்போ செய்து விற்பவர்களை ஒரு கேள்வி துரத்திக்கொண்டே இருக்கிறது: "சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா?" இணையச் சந்தைகள் கேட்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த நாட்டுச் சட்டம் கேட்கிறது. "மாதத்துக்கு இருபது பொம்மை செய்கிறேன், அதற்கும் இதெல்லாமா?" என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வருகிறது. கையால் செய்த பொருளுக்கு எதுவும் தேவையில்லை என்கிறார்கள் சிலர். ஆய்வகச் சான்று இல்லாமல் ஒன்றைக்கூட விற்கக் கூடாது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே பாதிதான் சரி. ஏன் என்று பார்க்க, இந்தச் சட்டங்கள் எதற்காக வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சட்டம் எதைக் கண்டு அஞ்சுகிறது

குழந்தை எதையும் வாயில் வைக்கும், இழுக்கும், கடிக்கும், தூக்கி எறியும். பொருளைச் செய்தவர் நினைத்தபடி அது விளையாடாது. பாதுகாப்பு விதிகள் எல்லாம் இந்த உண்மையிலிருந்துதான் பிறக்கின்றன. முக்கியமான ஆபத்துகள் இவை.

1. மூச்சுத் திணறல். மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொருளில் சிறு பாகம் எதுவும் கழன்று வரக் கூடாது. "சிறு பாகம்" என்பதற்கு ஓர் அளவு உண்டு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை. அதன் அடிப்பகுதி சரிவாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் 57.1 மில்லிமீட்டர். சின்னக் குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்துச் செய்த அளவு இது. கழன்ற துண்டு, அழுத்தாமல் போட்டாலே இதற்குள் முழுதாக அடங்கினால் பொருள் தோற்றது.

2. காரீயம். ஈயம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு உண்டு: வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. சட்டம் பேசுவது காரீயத்தைப் பற்றி. பெயின்டில் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்காக அது சேர்க்கப்பட்டது, பி.வி.சி. பிளாஸ்டிக் வெயிலிலும் சூட்டிலும் கெடாமல் இருக்கவும் சேர்க்கப்பட்டது. மலிவான உலோக நகைகளில் எடைக்காகவும் கலக்கப்பட்டது. வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பதும் அதன் நிலைப்பாடு. பாதிப்பு மூளை வளர்ச்சியில் விழுகிறது, திரும்பச் சரியாவதில்லை.

3. தாலேட். கெட்டியான பி.வி.சி.யை ரப்பர்போல மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் குடும்பம். அதில் சில, உடலின் ஹார்மோன் வேலையில் குறுக்கிடுகின்றன.

4. காந்தமும் பட்டன் பேட்டரியும். இரண்டு காந்தத் துண்டுகளை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும்.

இவை தவிர, கழுத்தில் இறுகும் கயிறு, சட்டெனத் தீப்பற்றும் இரவு உடை, கூர்முனை போன்றவற்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

இந்தப் பட்டியலில் எந்த ஆபத்தும் பொருள் எங்கே செய்யப்பட்டது என்று பார்த்து வருவதில்லை. தொழிற்சாலையில் ஒட்டிய கண்ணும் கழலும், வீட்டில் அன்போடு தைத்த பட்டனும் கழலும். சிறு தயாரிப்பாளர் பக்கம் நின்று பேசும் யாரும் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

2007-ல் நடந்தது, 2008-ல் வந்த சட்டம்

இன்று உலகெங்கும் நடக்கும் இந்த விவாதத்துக்குப் பெரிய முன்னுதாரணம் அமெரிக்கா. 2006-ல் அங்கே நான்கு வயதுக் குழந்தை ஒன்று, காலணியோடு இலவசமாகக் கிடைத்த சிறு உலோகத் தொங்கலை விழுங்கி இறந்தது. அந்தத் தொங்கல் கிட்டத்தட்ட முழுக்கவே காரீயம். 2007-ல் பெரிய நிறுவனங்களின் பொம்மைகள் வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன. "தாமஸ்" மர ரயில் பொம்மைகள் மட்டும் ஏறத்தாழ 15 லட்சம். காரணம், பெயின்டில் காரீயம். மாட்டெல் நிறுவனமும் காரீயப் பெயின்டுக்காகவும் கழலும் காந்தங்களுக்காகவும் பல லட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது.

பெற்றோரின் கோபம் நியாயமானது. நாடாளுமன்றம் வேகமாகச் செயல்பட்டு, 2008 ஆகஸ்ட் 14 அன்று நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது. அதன் சாரம்:

1. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே செய்யப்படும் எல்லாப் பொருளும் "குழந்தைப் பொருள்". பொம்மை மட்டும் இல்லை. உடுப்பு, புத்தகம், தலைமுடிக் கிளிப், சைக்கிள் எல்லாம் உள்ளே வரும்.

2. பொருளில் இருக்கக்கூடிய காரீயம் 2009 பிப்ரவரியில் 600 பி.பி.எம்., அதே ஆண்டு ஆகஸ்டில் 300, 2011 ஆகஸ்டில் 100 என்று படிப்படியாகக் குறையும். பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மேலே பூசும் பெயின்டுக்கு இன்னும் கடுமை: 90 பி.பி.எம்.

3. பொம்மைகளிலும், கைக்குழந்தைகளுக்கான சில பொருள்களிலும் குறிப்பிட்ட தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது.

4. இதையெல்லாம் தயாரிப்பாளரே சொன்னால் போதாது. அரசு ஏற்ற வெளி ஆய்வகம் சோதித்துச் சொல்ல வேண்டும். இதற்கு மூன்றாம் தரப்புச் சோதனை என்று பெயர். அதன் அடிப்படையில் தயாரிப்பாளர் சான்றிதழ் எழுத வேண்டும். எந்த பேட்ச், எங்கே, எப்போது செய்தது என்று பொருளிலேயே அடையாளம் இருக்க வேண்டும்.

முதல் மூன்றும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. நான்காவது, அப்படி இருப்பதை யார், எப்படி நிரூபிக்க வேண்டும் என்று சொல்கிறது. சிறு தயாரிப்பாளரின் கழுத்தைப் பிடித்தது இந்த நான்காவதுதான். "பாதுகாப்பாக இருக்க வேண்டும்" என்ற கடமையையும் "பாதுகாப்பாக இருப்பதை ஆய்வகம் மூலம் காட்ட வேண்டும்" என்ற கடமையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு துணி முயலைச் சோதனைக்கு அனுப்பினால்

ஓர் எளிய பொருளை எடுத்துக்கொள்வோம். பருத்தித் துணியில் தைத்த முயல். உள்ளே பஞ்சு. கண்ணுக்கு இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் பட்டன். கழுத்தில் சிவப்பு ரிப்பன். நெஞ்சில் ஸ்கிரீன் பிரின்ட் செய்த மஞ்சள் நட்சத்திரம்.

ஆய்வகத்தில் முதலில் பட்டனைக் கவ்வியால் பிடித்துத் திருகுவார்கள், பிறகு இழுப்பார்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 71-ன்படி, 6 மில்லிமீட்டரைவிடப் பெரிய பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுக்க வேண்டும். கண்ணில் ஏறத்தாழ 9 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். சாதாரண இரட்டை நூலில் நான்கு தையல் போட்ட பட்டன் இதற்குத் தாங்குமா என்று கையால் இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. தையல் விளிம்பையும் 70 நியூட்டன் விசையில் இழுப்பார்கள். பிரிந்தால் பஞ்சு குழந்தையின் வாய்க்குப் போகும். அதன்பின் பட்டனைப் பொடியாக்கி காரீயம் பார்ப்பார்கள். நட்சத்திரத்தின் மஞ்சள் மையைச் சுரண்டி எடுத்துத் தனியாக காரீயத்துக்கும், தேவைப்பட்டால் தாலேட்டுக்கும் சோதிப்பார்கள். தீப்பிடிக்கும் வேகமும் பார்க்கப்படும்.

எல்லாம் முடிந்தபின் முயல் இருக்காது. சோதனை பொருளை அழித்துவிடுகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் புது மாதிரி வேண்டும் என்பதால் ஒரு முயல் போதாது, சில முயல்கள் வேண்டும். ஒரே ஒரு பிரதி மட்டும் செய்யும் கைவினைஞருக்கு இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள்: சோதித்தால் விற்கப் பொருள் இல்லை, சோதிக்காவிட்டால் விற்க உரிமை இல்லை.

அடுத்தது செலவு. சோதனைக் கட்டணம் வடிவத்துக்கு வடிவம், பொருளுக்குப் பொருள் விழுகிறது. எத்தனை பிரதி விற்கிறீர்கள் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. ஒரு கணக்குக்காக, ஒரு வடிவத்தின் மொத்தச் சோதனைச் செலவு 50 முயல்களின் விற்பனை விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் முயல் விற்கும் தொழிற்சாலைக்கு அது ஒரு முயலின் விலையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, கணக்கிலேயே தெரியாது. நாற்பது முயல் தைக்கும் வீட்டுக்கு, நாற்பதையும் விற்று வரும் பணம் முழுவதும் போய், மேலும் பத்து முயலின் விலையைக் கைக்காசாகப் போட வேண்டும்.

வீட்டுத் தொழிலின் இயல்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. தொழிற்சாலை ஒரே வடிவத்தைப் பல மாதம் அடிக்கும். வீட்டில் தைப்பவர் இந்த வாரம் முயல், அடுத்த வாரம் யானை. இன்று கறுப்பு பட்டன், அது தீர்ந்தால் கடையில் கிடைக்கும் பழுப்பு பட்டன். சட்டத்தின் கண்ணில் பட்டன் மாறினால் பொருளின் மூலப்பொருளே மாறியதாகிவிடும். பழைய சோதனை அந்தப் பாகத்துக்குச் செல்லாது. வாடிக்கையாளர் கேட்டபடி மாற்றித் தருவதுதான் கைவினையின் உயிர். அதற்கே அபராதம் விதித்ததுபோல ஆகிவிடுகிறது.

எதிர்ப்பும் திருத்தமும்

இந்தக் கணக்கு புரிந்ததும் அமெரிக்காவின் கைவினைத் தயாரிப்பாளர்கள் 2008 இறுதியில் ஒன்றுசேர்ந்தார்கள். கையிருப்பில் உள்ள பழைய சரக்குக்கும் வரம்பு பொருந்தும் என்பதால், முதல் வரம்பு அமலுக்கு வரவிருந்த 2009 பிப்ரவரி 10-க்கு "தேசியத் திவால் நாள்" என்று பெயர் வைத்தார்கள். பழைய உடுப்பு விற்கும் கடைகள் குழந்தைத் துணிகளை அலமாரியிலிருந்து எடுத்தன. குழந்தைகள் நூலகங்கள் பழைய புத்தகங்களை என்ன செய்வது என்று தவித்தன. சைக்கிள் டியூப் வால்வின் பித்தளையில் காரீயம் இருப்பதால் சைக்கிள்காரர்களும் மாட்டினார்கள். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அந்த நாளுக்குப் பதினொரு நாள் முன்பு, ஜனவரி 30 அன்று, சோதனை, சான்றிதழ் கட்டாயத்தின் பெரும்பகுதியை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது. ஆனால் காரீய வரம்பு நிற்கவில்லை.

அதே 2009-ல், மாட்டெல் நிறுவனத்தின் சொந்த ஆய்வகங்கள் சிலவற்றையே ஆணையம் சோதனைக்கு ஏற்றுக்கொண்டது. நிர்வாகத் தலையீடு இல்லாத "தடுப்புச் சுவர்" கொண்ட ஆய்வகங்களுக்குச் சட்டம் அதற்கு இடம் தந்திருந்தது. பெரிய நிறுவனம் தன் பொம்மையைத் தானே சோதிக்கலாம், வீட்டில் தைப்பவர் வெளி ஆய்வகத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நிலை. சட்டப்படி சரியாக இருக்கலாம். பார்த்தவர்களுக்கு நெஞ்சு எரிந்ததில் வியப்பில்லை.

அப்புறம் மூன்று வழிகளில் நிலைமை தளர்ந்தது.

1. பொருள்வாரி விலக்கு. 2009 ஆகஸ்டில் ஆணையம் ஒரு பட்டியல் தந்தது: பூச்சில்லாத மரம், காகிதம், பருத்தி, கம்பளி, சாயமிட்டதோ இடாததோ ஆன பெரும்பாலான துணிநூல்கள் ஆகியவற்றில் இயல்பாகவே காரீயம் வரம்பைத் தாண்டாது. ஆகவே காரீயச் சோதனை தேவையில்லை. நம் முயலின் துணியும் பஞ்சும் இங்கே தப்பிவிடும். ஸ்கிரீன் பிரின்ட் நட்சத்திரம் தப்பாது, ஏனென்றால் அது துணியின் மேல் பின்னர் சேர்த்த பூச்சு.

2. பாகவாரிச் சோதனை. பட்டன் செய்யும் நிறுவனம் தன் பட்டனைச் சோதித்துச் சான்று கொடுத்திருந்தால், அந்தப் பட்டனை வாங்கித் தைப்பவர் காரீயத்துக்கு அந்தச் சான்றை நம்பலாம். 2011 இறுதியில் இதற்கு முறையான விதி வந்தது. ஆனால் பட்டன் கழலுமா என்பதை முழு முயலில்தான் பார்க்க முடியும். பட்டன் நிறுவனத்தின் காகிதம் அதற்கு உதவாது.

3. சிறு அளவுத் தயாரிப்பாளர் சலுகை. 2011 ஆகஸ்ட் 12 திருத்தச் சட்டப்படி, முந்தைய ஆண்டின் மொத்த விற்பனை 10 லட்சம் டாலருக்குள் இருந்து, ஒரே பொருளை 7,500-க்கு மேல் செய்யாதவர்கள் ஆணையத்தில் பதிவு செய்துகொண்டால் சில வெளிச் சோதனைகளிலிருந்து விடுபடலாம். டாலர் வரம்பு விலைவாசிக்கேற்ப உயரும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சில விஷயங்களில் இவர்களுக்கும் சலுகை கிடையாது: பெயின்டில் காரீயம், சிறு பாகங்கள், தொட்டில், சூப்பான், குழந்தைகளின் உலோக நகையில் காரீயம். இதே திருத்தத்தில் சாதாரணப் புத்தகங்கள் வெளிச் சோதனையிலிருந்தும், பயன்படுத்திய பழைய பொருள்களில் பெரும்பாலானவை காரீய வரம்பிலிருந்தும் விடுபட்டன.

இந்த மூன்றில் இரண்டாவதுதான் மிகச் சரியான வழி என்று எனக்குப் படுகிறது. காரீயம் முயலைத் தைப்பவர் கையில் உண்டாவதில்லை. மை செய்யும் இடத்தில், பட்டன் வார்க்கும் இடத்தில் உண்டாகிறது. அங்கே ஒருமுறை சோதித்தால் அதை வாங்கும் ஆயிரம் வீடுகளுக்கும் போதும். ஒவ்வொரு வீட்டிலும் சோதிப்பது, ஊர்க் குழாயில் வரும் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் பார்க்காமல் வீட்டுக்கு வீடு குடத்தில் பார்ப்பதுபோல.

ஐரோப்பாவும் இந்தியாவும்

ஐரோப்பிய ஒன்றியம் வேறு பாதையில் போனது. 2009-ன் பொம்மைப் பாதுகாப்பு ஆணைப்படி, 14 வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொம்மைக்கு, ஒன்றியத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை வேண்டும். ஆனால் அந்த முத்திரையை எந்த அலுவலகமும் தருவதில்லை. ஏற்கப்பட்ட தரங்களை முழுமையாகப் பின்பற்றினால் தயாரிப்பாளரே பொறுப்பேற்றுப் போட்டுக்கொள்ளலாம். பதிலுக்கு, ஆபத்து மதிப்பீடு, மூலப்பொருள் விவரம், சோதனை முடிவுகள் எல்லாம் அடங்கிய தொழில்நுட்பக் கோப்பை 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். செலவு குறைவு, எழுத்து வேலை அதிகம். வெளிநாட்டிலிருந்து அங்கே விற்கும் சிறியவர்களுக்குப் புதிய தடை 2024 டிசம்பர் 13 அன்று வந்தது. அன்று அமலான பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி, ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் அங்கே நுகர்பொருள் விற்க முடியாது. மாதம் மூன்று பார்சல் அனுப்புகிறவர் அதற்காகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியுமா? அங்கே அனுப்புவதையே பலர் நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவில் 2020-ல் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, 2021 ஜனவரி 1 முதல் அமலானது. 14 வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொம்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அமலுக்கு முன்பே, 2020 டிசம்பரில், இரண்டு விலக்குகள் சேர்க்கப்பட்டன: கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவை, புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதற்குப் பதிவான உரிமையாளரோ அனுமதி பெற்றவரோ செய்து விற்பவை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் கர்நாடகத்தின் சன்னபட்டணா மரப் பொம்மையும் புவிசார் குறியீடு உள்ளவை.

இதில் வெளியே நிற்பவர் யார் என்று பாருங்கள். பரம்பரைக் கைவினைக்கு வழி இருக்கிறது, தொழிற்சாலைக்கு வழி இருக்கிறது. யூடியூபில் குரோஷா பின்னல் கற்று, வீட்டில் கரடி பின்னி, இன்ஸ்டாகிராமில் விற்கும் பெண் கைவினைஞராகப் பதிவு செய்யவில்லை என்றால் அவருக்கு விலக்கு இல்லை. விற்பனையோ எண்ணிக்கையோ இவ்வளவுக்குள் இருந்தால் போதும் என்று அமெரிக்காவில் இருப்பதுபோன்ற வரம்பும் இந்த ஆணையில் இல்லை. பதிவு செய்வது அவருக்கு முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அடிக்கடி வரும் தவறான நம்பிக்கைகள்

1. "விலக்கு கிடைத்துவிட்டது, இனி கவலையில்லை." அமெரிக்கச் சலுகை வெளிச் சோதனையிலிருந்துதான், வரம்பிலிருந்து இல்லை. பொருளில் 100 பி.பி.எம்.முக்கு மேல் காரீயம் இருந்தால் பதிவு செய்தவரும் குற்றவாளிதான். சான்றிதழும் அவர் எழுதியே ஆக வேண்டும்.

2. "மூன்று வயதுக்கு மேல் என்று எழுதிவிட்டால் போதும்." வயதை நிர்ணயிப்பது லேபிள் மட்டும் இல்லை. பொருள் பார்வைக்கு எந்த வயதுக்குப் பொருந்துகிறது, எப்படி விளம்பரம் செய்தீர்கள் என்பதெல்லாம் சேரும். கைக்குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் மெத்தென்ற முயலில் எதை எழுதினாலும் அது கைக்குழந்தைப் பொருள்தான்.

3. "இயற்கையான பொருள், ஆகவே பாதுகாப்பு." காரீயமும் இயற்கையில் கிடைப்பதுதான். தீட்டாத மரத்துக்குக் காரீயப் பயம் இல்லை என்பது உண்மை. அதே மரத்தில் செய்த கிலுகிலுப்பையின் கைப்பிடி குழந்தையின் தொண்டைக்குள் போகும் அளவில் இருந்தால் அது ஆபத்துதான்.

வீட்டில் செய்பவர் எங்கே தொடங்கலாம்

ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், வடிவத்திலேயே ஆபத்தைக் குறைப்பதுதான் மலிவான வழி. முயலின் பட்டன் கண்ணை எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். கழலும் பாகமும் போயிற்று, பிளாஸ்டிக்கின் காரீயக் கேள்வியும் போயிற்று. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் சிறு பாகச் சோதனை அப்போதும் பொருந்தும், ஆனால் தோற்பதற்கான காரணம் தையல் விளிம்பு ஒன்றுதான் மிஞ்சும். ஸ்கிரீன் பிரின்ட் நட்சத்திரத்துக்குப் பதில் மஞ்சள் துணியில் வெட்டித் தைத்தால் மைச் சோதனையும் இல்லை. கழுத்து ரிப்பனை எடுத்துவிடுவது நல்லது.

அதன்பிறகு மூலப்பொருள். ஐந்து வகைப் பட்டனுக்குப் பதில் ஒரே வகை, ஒரே கடை, ஒரே நிறுவனம் என்று வைத்துக்கொண்டு, அந்த நிறுவனத்திடம் சோதனை அறிக்கை கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் ஆய்வகத்தின் பெயர், தேதி, எந்த மாதிரியைச் சோதித்தார்கள், எந்தத் தரத்தின்படி என்ற நான்கும் இருக்கிறதா பாருங்கள். "எங்கள் பொருள் நச்சற்றது" என்ற ஒற்றை வரிக் கடிதம் சான்று ஆகாது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எத்தனை முயல் தைத்தீர்கள், எந்தத் துணி, எந்தப் பஞ்சு, எந்த நூல், எங்கே வாங்கிய பில், யாருக்கு அனுப்பியது. ஒவ்வொரு முயலின் உள்தையலிலும் அந்த நோட்டின் வரிசை எண் எழுதிய சிறு துணிப்பட்டி. நாளைக்கு ஒரு முயலின் தையல் பிரிந்தது என்று செய்தி வந்தால், அதே நாளில் அதே நூலில் தைத்த மற்ற ஏழு முயல்களும் எந்த வீடுகளில் இருக்கின்றன என்று அன்று மாலைக்குள் கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம்.